வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்கைத் திறக்க: மோடம், ரவுட்டர் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று. அதில் கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆரோ, கோப்புகளைச் சேமிக்கும் பெட்டியோ, பழைய கணினியில் ஓடும் சிறிய வலைத்தளமோ இணைந்திருக்கிறது. வீட்டு வைஃபையில் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தட்டினால் பக்கம் திறக்கிறது. பஸ் ஏறி ஊரைத் தாண்டிவிட்டால் திறப்பதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கான கேள்வி பதில் இது.

வீட்டுக்குள் திறக்கும் பக்கம் வெளியில் ஏன் திறப்பதில்லை?

192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படியே. 1996-இல் வந்த விதி இது. உங்கள் டிவிஆரின் முகவரி 192.168.1.50 என்றால், அதே முகவரியில் உலகெங்கும் லட்சக்கணக்கான பெட்டிகள் இருக்கும். பொது இணையத்தில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

உள்ளிருந்து ஒரு கணினி வெளியே போகும்போது, ரவுட்டர் அந்த உள் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியை ஒட்டி அனுப்புகிறது. யார் கேட்டார்கள் என்று குறித்தும் வைத்துக்கொள்கிறது. பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்தால் குறிப்பில் பெயர் இருக்காது. ஆகவே ரவுட்டர் அவரைக் கண்டுகொள்ளாது. இது பழுது அல்ல. ரவுட்டர் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

அப்படியானால் உடனே போர்ட் ஃபார்வர்டிங் செய்துவிடலாமா?

போர்ட் என்பது ஒரு முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண். வெளியிலிருந்து அந்தக் கதவுக்கு வருபவரை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவதே போர்ட் ஃபார்வர்டிங். ஆனால் பொறுங்கள். இந்த விஷயத்தில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இந்த அவசரத்தால் வீணாவதுதான். முதலில் உங்கள் இணைப்புக்குப் பொது முகவரி, அதாவது இணையத்தில் உங்களுக்கு மட்டுமே உரிய எண், இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ஜியோ பெட்டி என்றால் 192.168.29.1. உள்ளே 'ஸ்டேட்டஸ்' அல்லது 'இன்டர்நெட்' என்ற பகுதியில் 'வான் ஐபி' (WAN IP) என்று ஓர் எண் இருக்கும்; ரவுட்டருக்கு வெளிப்பக்கத்திலிருந்து கிடைத்த முகவரி அது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அது காட்டும் எண்ணைப் பாருங்கள். நடுநடுவே முக்காற்புள்ளி உள்ள நீண்ட முகவரி தெரிந்தால் அது ஐபிவி6 என்ற புதிய வகை. அதை இப்போதைக்கு விடுங்கள். நான்கு எண்கள் கொண்ட பழைய வகையை (ஐபிவி4) மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றே என்றால் நல்லது, உங்களிடம் பொது முகவரி இருக்கிறது. ரவுட்டரில் தெரியும் எண் 100.64 முதல் 100.127 வரையில் அடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். 100 என்று தொடங்கும் எல்லாமே அப்படியல்ல என்பதையும் கவனியுங்கள், 100.128-க்கு மேல் உள்ளவை சாதாரணப் பொது முகவரிகள். 192.168 என்று தெரிந்தால், ரவுட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபைபர் பெட்டியே இன்னொரு ரவுட்டராக வேலை செய்கிறது. அப்போது அந்தப் பெட்டியின் பக்கத்துக்குள் போய் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

சிஜிநாட் என்றால் என்ன? என் இணைப்பை ஏன் அதில் போட்டார்கள்?

ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. அதிலும் ஒதுக்கீடு போக மீதிதான் பயன்பாட்டுக்கு. உலகளாவிய இருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அதன்பின் ரேஷன் முறையில்தான் கொடுக்கிறார்கள். பிற்பாடு வாடிக்கையாளர்களைச் சேர்த்த நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டன. இதுதான் சிஜிநாட். அதற்கென்றே 100.64 வரிசை 2012-இல் ஒதுக்கப்பட்டது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் முகவரியை மட்டும் எழுதி, வீட்டு எண் எழுதாமல் தபால் போட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கும். கடிதம் வாசல்வரை வரும். எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் திரும்பிவிடும். வீட்டு எண்ணைக் குறிக்கும் அதிகாரம் நிறுவனத்தின் கருவியிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஆகவே உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயன் இல்லை.

சிஜிநாட்டில் இருந்தால் வழியே இல்லையா?

இருக்கிறது. நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். ஐபிவி6 வழியாக வரலாம். அல்லது உள்ளிருந்து வெளியே போகும் சுரங்கம் ஒன்றை அமைத்து, போர்ட் திறக்கும் பேச்சையே விட்டுவிடலாம். மூன்றாவதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கஸ்டமர் கேரில் பேசுவதானால் 'ரிமோட் ஆக்சஸ் வேண்டும்' என்று சொல்லாதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் டிவி ரிமோட்டைப் பற்றிக் கேட்கக்கூடும். 'எனக்குப் பப்ளிக் ஐபி வேண்டும், ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதம் எவ்வளவு' என்று நேராகக் கேளுங்கள். பப்ளிக் (பொது) ஐபியும் ஸ்டாட்டிக் (மாறாத) ஐபியும் வேறு வேறு. மாறிக்கொண்டே இருக்கும் முகவரிகூடப் பொது முகவரியாக இருந்தால் போதும், சமாளித்துவிடலாம். சில நிறுவனங்கள் ஸ்டாட்டிக் ஐபியை வணிகத் திட்டங்களுக்கு மட்டுமே தருகின்றன. உள்ளூர் கேபிள்காரர் மூலம் இணைப்பு எடுத்திருந்தால் அவரிடமே கேட்பது வேகமான வழி.

ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டும் முகவரி மாற்றும் வேலையைச் செய்கின்றன. என்ன செய்வது?

இரண்டில் ஒன்று அந்த வேலையை விட வேண்டும். முறையான வழி, ஃபைபர் பெட்டியைப் பிரிட்ஜ் மோடில் போடுவது. அப்போது பெட்டி ஒளியை மின்சிக்னலாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும். பொது முகவரி உங்கள் ரவுட்டருக்கே வந்துவிடும். இணைப்பு பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் என்றால் அதன் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரில் கொடுக்க வேண்டும். பல இடங்களில் நிறுவனம் இணைப்புக்கென்று வைத்திருக்கும் விலான் (VLAN) எண்ணும் தேவைப்படும். இவை லைன்மேனிடம் இருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தரைவழித் தொலைபேசியும் அதே பெட்டியில் வந்தால், பிரிட்ஜ் மோடுக்குப் பின் அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பிரிட்ஜ் மோடுக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிவிட்டு, எல்லா அமைப்பையும் ஃபைபர் பெட்டியிலேயே செய்யலாம். இரண்டிலும் வரிசையாக ஃபார்வர்டிங் செய்வதும் நடக்கும். ஆறு மாதம் கழித்து எங்கே என்ன செய்தோம் என்பது நினைவிருக்காது, அவ்வளவுதான்.

பொது முகவரி இருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங்கை எப்படிச் செய்வது?

முதல் வேலை, உள்ளே இருக்கும் கருவியின் முகவரி மாறாமல் இருக்கச் செய்வது. ரவுட்டரில், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும். கருவியின் மேக் முகவரியை (அதன் வன்பொருள் அடையாள எண்) தேர்ந்தெடுத்து 192.168.1.50 என்று கட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இன்று வேலை செய்வது, அடுத்த மின்வெட்டுக்குப் பின் வேலை செய்யாது.

அடுத்து ஃபார்வர்டிங் பக்கம். ஒரு ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்', இன்னொன்றில் 'விர்ச்சுவல் சர்வர்', மற்றொன்றில் 'நாட்' மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். கட்டங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிப் போர்ட்: 8443. உள் முகவரி: 192.168.1.50. உள் போர்ட்: 443. புரோட்டோகால்: டிசிபி. சேமியுங்கள். இனி உங்கள் பொது முகவரியின் 8443-க்கு வருபவர், உள்ளே இருக்கும் கருவியின் 443-க்குப் போய்ச் சேருவார். உலாவியில் தட்டும்போது முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு 8443 சேர்க்க வேண்டும்.

80, 443, 25 போன்ற புகழ்பெற்ற போர்ட்டுகளை வீட்டு இணைப்புகளில் அடைத்துவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அதனால்தான் வெளிப்பக்கம் 8443 போன்ற எண்ணை எடுத்தோம்.

வீட்டிலிருந்து பொது முகவரியைத் தட்டினால் ரவுட்டரின் பக்கமே வருகிறது, அல்லது ஒன்றும் வருவதில்லை. தவறா?

இருக்காது. உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரிக்குப் போய் மறுபடி உள்ளேயே திரும்புவதைச் சில ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். அந்தச் சோதனை மட்டுமே கணக்கு.

எல்லாம் சரியாகச் செய்தும் திறக்கவில்லை. எங்கே தேடுவது?

உலாவி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். வெகுநேரம் சுற்றிவிட்டு 'நேரம் கடந்துவிட்டது' என்றால், வந்தவர் வழியிலேயே தொலைந்துபோகிறார்: சிஜிநாட், இரட்டை ரவுட்டர், அடைக்கப்பட்ட போர்ட், அல்லது வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால். உடனடியாக 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கருவிவரை போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. உள் போர்ட் எண்ணையும் உள் முகவரியையும் சரிபாருங்கள்.

விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் அதன் ஃபயர்வால் கடுமையாக இருக்கும். அதைப் பாருங்கள்.

டிவிஆர்களில் மட்டும் அடிக்கடி வரும் ஒரு கோளாறு உண்டு. கேமரா மாட்டுபவர் டிவிஆருக்குக் கையால் முகவரி கொடுத்திருப்பார்; வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரியை எழுத வேண்டிய 'கேட்வே' கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார், அல்லது பழைய ரவுட்டரின் எண் அதில் இருக்கும். வீட்டுக்குள் எல்லாம் அழகாகத் தெரியும், ஏனென்றால் வீட்டுக்குள் கேட்வே தேவையில்லை. வெளியிலிருந்து கேள்வி டிவிஆர்வரை வந்துவிடும்; பதில் எந்த வழியாகத் திரும்புவது என்று டிவிஆருக்குத் தெரியாது. ரவுட்டரை எத்தனை முறை தோண்டினாலும் பிழை அங்கே கிடைக்காது.

முகவரி அடிக்கடி மாறுகிறது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போன் செய்து கேட்க வேண்டுமா?

வேண்டாம், அதற்குத்தான் டைனமிக் டிஎன்எஸ். ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டால், முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டரோ சிறிய நிரலோ புதிய எண்ணை அந்தப் பெயரில் எழுதிவிடும். டக்டிஎன்எஸ் என்ற சேவை இலவசம். நோ-ஐபியிலும் இலவசக் கணக்கு உண்டு, ஆனால் 30 நாளுக்கு ஒருமுறை உறுதிப்படுத்தச் சொல்லும். பல ரவுட்டர்களில் இதற்கான பக்கம் உள்ளேயே இருக்கிறது. சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கு இது உதவாது: அந்தப் பெயர் காட்டுவது பல வீடுகளுக்குப் பொதுவான முகவரியைத்தான்.

ஐபிவி6 இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. ஐபிவி6-இல் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. முகவரி மாற்றும் வேலையே இல்லை. ஜியோ போன்ற நிறுவனங்களில் அது இயல்பாகவே வருகிறது. ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் அப்போதும் வெளியாரைத் தடுக்கும். குறிப்பிட்ட கருவி, குறிப்பிட்ட போர்ட் என்று அனுமதி விதி எழுத வேண்டும். நிறுவனம் கொடுத்த சில பெட்டிகளில் அதற்கான பக்கமே இருக்காது.

இன்னொரு தடை மறுமுனையில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். செல்போன் டேட்டாவில் இருக்கலாம். அலுவலகத்திலும் தங்கும் விடுதியிலும் இல்லாமல் போகலாம். பல பழைய டிவிஆர்களுக்கு ஐபிவி6 தெரியவே தெரியாது.

என் வீட்டுக் கேமராவை யார் தேடப்போகிறார்கள்?

உங்களை யாரும் தேட வேண்டியதில்லை. எல்லா வீடுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-இல் உருவான ஜிமேப் என்ற கருவி, வேகமான இணைப்பு உள்ள ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 வெளி முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டியது. திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிட்டுத் தேடத் தரும் ஷோடன் அதற்கும் முன்பே, 2009-இலிருந்து இருக்கிறது.

2016-இல் மிராய் என்ற தீநிரல் டிவிஆர்களையும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. பெரிய வித்தை எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் அறுபதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அந்தக் கருவிகள் சேர்ந்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (தளப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்படப் பல தளங்கள் தடுமாறின. கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஹைக்விஷன் கேமராக்களில் 2021-இல் வெளியான ஒரு குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே கட்டளை இடும் அளவுக்கு மோசமானது. திருத்தம் உடனே வந்தது; வீட்டு டிவிஆருக்குப் புதிய மென்பொருள் ஏற்றுபவர் எத்தனை பேர்?

80-க்குப் பதில் 8443 வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். தட்டுபவர் எண்ணிக்கை சற்றுக் குறையும், அவ்வளவே.

டிவிஆரின் பக்கம், ரவுட்டரின் நிர்வாகப் பக்கம், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389: இவற்றை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேமரா மாட்டியவர் டிவிஆரை 'டிஎம்இசட்'டில் போட்டுவிட்டுப் போனார். இருக்கட்டுமா?

கூடாது. அது ஒரு போர்ட்டை அல்ல, எல்லாப் போர்ட்டுகளையும் டிவிஆர் பக்கம் திருப்பிவிடுகிறது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று செய்வது. இன்றே எடுத்துவிடுங்கள். அப்படியே யுபிஎன்பி இயங்குகிறதா என்றும் பாருங்கள். கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. யாருக்கும் தேவைப்படாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

அப்படியானால் வெளியூரிலிருந்து எப்படித்தான் பார்ப்பது?

விபிஎன் மூலம், அதாவது இணையத்தின் ஊடே போகும் பூட்டிய சுரங்கம் மூலம். வெளியில் இருக்கும் செல்போனை வீட்டு நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்துவிட்டால், வீட்டில் தட்டும் அதே 192.168.1.50 அங்கேயும் திறக்கும்.

பொது முகவரி உள்ளவர்களுக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் இருக்கிறது. இப்போது வரும் பல ரவுட்டர்களில் சேர்ந்தே வருகிறது. யுடிபி 51820 என்ற ஒரே போர்ட்தான் திறக்க வேண்டும். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது.

சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கு டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. இரண்டு முனைகளும் உள்ளிருந்து வெளியே கிளம்புவதால் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. நேரடிப் பாதை கிடைக்காவிட்டால் டெயில்ஸ்கேல் நிறுவனத்தின் இடைநிலைச் சர்வர் வழியாகப் போகும். வேகம் குறையும், ஆனால் வேலை நடக்கும். அது தரும் முகவரிகளும் 100.64 வரிசையிலிருந்தே வருகின்றன. பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டிவிஆரில் இதை நிறுவ முடியாது. வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலோ நிறுவி, அதை 'சப்நெட் ரவுட்டர்' ஆக்கி, 192.168.1.0/24 முழுவதையும் (192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) அதன் வழியே காட்டச் சொல்லுங்கள். நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பாதைக்கு ஒப்புதலும் தர வேண்டும். இதை மறந்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம்.

நீங்கள் போகும் வீட்டின் வைஃபையும் 192.168.1 என்றே இருந்தால் சிக்கல் வரும், 192.168.1.50 என்றால் செல்போன் அங்கேயே தேடும். ஆகவே உங்கள் வீட்டு வரிசையை 192.168.73 போல எளிதில் மோதாத எண்ணாக இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

டிவிஆர் நிறுவனத்தின் செயலியில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்தால் படம் வருகிறதே? அது போதாதா?

படம் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் போதும். அது நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சேர்க்கிறது. போர்ட் எதுவும் திறப்பதில்லை. அந்த நிறுவனத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். டிவிஆருக்காக ஏற்கனவே திறந்த போர்ட்டுகள் இருந்தால் மூடிவிடுங்கள்.

நான் ஊருக்கே காட்ட விரும்பும் வலைத்தளம் வீட்டில் ஓடுகிறது. பார்ப்பவர்களிடம் விபிஎன் போடச் சொல்ல முடியாதே?

முடியாது. அதற்கு க்ளவுட்ஃப்ளேர் டனல் பொருத்தம். சொந்த டொமைன் (தளப் பெயர்) ஒன்றை க்ளவுட்ஃப்ளேரில் சேர்த்து, வீட்டுக் கணினியில் அவர்களுடைய சிறு நிரலை ஓடவிட்டால், அது உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுக்கும். சிஜிநாட் தடையில்லை, வீட்டு முகவரியும் வெளியே தெரியாது, பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் உலாவியின் பூட்டு அடையாளமும் தானாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பூட்டு அவர்களுடைய சர்வரில் ஒருமுறை திறந்துதான் மூடுகிறது, அதாவது உள்ளே போவதை அவர்களால் பார்க்க முடியும். பொதுத் தளத்துக்கு அது பொருட்டல்ல. குடும்ப ஆவணங்களுக்கு யோசிக்க வேண்டும்.

நேராகப் போர்ட் திறந்து நடத்துவதானால், அந்தப் பூட்டுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். போர்ட் 80 அடைக்கப்பட்டிருந்தால், டிஎன்எஸ் வழியாக உரிமையை நிரூபிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள். இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் குறைவு.

வெளியூரிலிருந்து பார்த்தால் படம் திக்கித் திக்கி வருகிறது.

நீங்கள் வெளியே பார்ப்பது வீட்டின் அப்லோட் வேகத்தில்தான் வருகிறது. திட்டத்தின் பெயரில் எழுதியிருப்பது டவுன்லோட் வேகமாக இருக்கலாம். முழுத் தெளிவில் ஒரு கேமரா நொடிக்கு நான்கு மெகாபிட்கூட எடுத்துக்கொள்ளும். எட்டுக் கேமராவை ஒரே திரையில் திறந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிவிஆரில் 'சப் ஸ்ட்ரீம்' என்ற குறைந்த தெளிவு ஓடை இருக்கும். செல்போன் திரைக்கு அது போதும்.

மின்வெட்டு வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறதே?

ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை. பெரும்பாலானவை 12 வோல்ட். அவற்றுக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் தாராளம். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்டையும் ஆம்பியரையும் பாருங்கள். இரண்டின் ஆம்பியரையும் கூட்டி வருவதை யுபிஎஸ் தாங்க வேண்டும். விபிஎன் ஓடும் கணினி, மின்சாரம் திரும்பியதும் தானாக எழ வேண்டும். பல கணினிகளின் பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) அதற்கான தேர்வு இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மொபைல் டேட்டாவில் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.